பிரிண்டருக்கு மட்டும் ஒரு வழி

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில் இருக்கிறது பிரம்மதேசம். இந்தப் பக்கத்துக் கிராமங்களில் அரசு சம்பந்தப்பட்ட எந்தக் காரியமும் இன்று இணையத்தில் தொடங்கி ஒரு தாளில் முடிகிறது. வருமானச் சான்று, சாதிச் சான்று, பட்டா, சிட்டா, முதியோர் உதவித்தொகை விண்ணப்பம், தேர்வு நுழைவுச்சீட்டு என எதுவானாலும் கடைசியில் கையில் வாங்கிக்கொண்டு போவது அச்சடித்த காகிதம். அதனால் இப்படிப்பட்ட ஊர்களில் ஜெராக்ஸ் கடைக்கும் கம்ப்யூட்டர் சென்டருக்கும் உயிர்நாடி பிரிண்டர்தான். அது அரைமணி நேரம் நின்றால் வாசலில் கூட்டம் சேர்ந்துவிடும்.

இந்தக் கடைகளில் அடிக்கடி நடக்கும் ஒன்று உண்டு. புது பிரிண்டரை வைஃபையில் இணைத்தாயிற்று. செல்போனில் தெரிகிறது, பக்கத்திலுள்ள விண்டோஸ் கணினியிலும் தெரிகிறது. லினக்ஸ் போட்ட மடிக்கணினியில் மட்டும் எவ்வளவு தேடியும் அகப்படுவதில்லை. கடையில் வேலை பார்க்கும் பையன், திண்டிவனத்தில் சர்வீஸ் பார்ப்பவருக்குப் போன் போடுகிறான். "அண்ணா, லினக்ஸ்ல பிரிண்டர் காட்டவே மாட்டேங்குதுண்ணா." அந்தப் பக்கத்திலிருந்து வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "ஃபயர்வாலை ஆஃப் பண்ணிட்டுப் பாரு தம்பி." ஆஃப் செய்ததும் பிரிண்டர் வந்துவிடுகிறது. வேலையும் ஓடுகிறது. ஃபயர்வாலை மறுபடி ஆன் செய்ய யாருக்கும் நினைவிருப்பதில்லை.

அந்த மடிக்கணினியில் என்னவெல்லாம் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஊரில் பாதிப் பேருடைய ஆதார் நகல், வங்கிப் பாஸ்புத்தகத்தின் முதல் பக்கம், கைப்பேசி எண், மதிப்பெண் பட்டியல், நிலப் பத்திரம். ஒரு பிரிண்டரைக் கண்டுபிடிப்பதற்காக இவ்வளவையும் காவலின்றி விடுவது தேவையே இல்லாத விலை. பிரிண்டர் ஏன் காணாமல் போகிறது என்பதைப் புரிந்துகொண்டால், ஃபயர்வாலை நிறுத்தாமல் அந்தக் கருவிக்கு மட்டும், அதற்கு வேண்டிய அளவுக்கு மட்டும், வழிவிட முடியும். பல நேரங்களில் அந்த வழிகூடத் தேவைப்படாது.

தமிழ்நாட்டு லினக்ஸ்

கிராமத்துக் கடைக்கு லினக்ஸ் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் உண்டு. தமிழ்நாட்டுக்கு இதில் நீண்ட வரலாறு இருக்கிறது. 2000களின் நடுப்பகுதியிலேயே மாநில அரசின் எல்காட் நிறுவனம், சி. உமாசங்கர் மேலாண் இயக்குநராக இருந்தபோது, தன் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம், டெபியன் என்ற லினக்ஸ் பதிப்பை அடிப்படையாகக் கொண்டு பாஸ் லினக்ஸை உருவாக்கி 2007இல் வெளியிட்டது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்களுக்குக் கிடைத்த கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் வந்தது. அந்த மடிக்கணினிகளில் எத்தனையோ இன்றும் சிறுகடைகளில் உழைத்துக்கொண்டிருக்கின்றன. புது விண்டோஸைத் தாங்காத பழைய இயந்திரத்தில் லினக்ஸ் இலகுவாக ஓடும் என்பதால், விற்றுவிடலாம் என்று ஒதுக்கியவற்றைக்கூட லினக்ஸ் போட்டு வைத்துக்கொள்கிறார்கள். விழுப்புரத்தில் இயங்கும் லினக்ஸ் பயனர் குழு கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருளைத் தொடர்ந்து கற்றுத் தருகிறது. ஆகவே விழுப்புரம் மாவட்டத்தில் லினக்ஸ் ஒரு அபூர்வப் பொருளன்று. அதன் ஃபயர்வாலைப் பற்றித்தான் போதிய அளவு பேசப்படவில்லை.

பொட்டலத்தின் மேல் ஐந்து விவரங்கள்

நெட்வொர்க்கில் எதுவும் முழுசாகப் போவதில்லை. மூன்று மெகாபைட் அளவுள்ள ஒரு கோப்பைப் பிரிண்டருக்கு அனுப்பினால், அது ஏறத்தாழ 1,500 பைட்டுக்கு மேற்படாத சிறு பொட்டலங்களாக வெட்டப்படுகிறது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பொட்டலங்கள் போய்ச் சேர்ந்தால்தான் ஒரு கோப்பு அச்சாகும். ஒவ்வொரு பொட்டலத்தின் தலைப்பிலும் ஐந்து விவரங்கள் இருக்கும்: எந்த முகவரியிலிருந்து வருகிறது, எந்த முகவரிக்குப் போகிறது, எந்த நெறிமுறையில் (டி.சி.பி.யா, யு.டி.பி.யா) போகிறது, எந்தப் போர்ட்டிலிருந்து புறப்பட்டது, எந்தப் போர்ட்டுக்குப் போகவேண்டும்.

முகவரி என்பது ஐ.பி. முகவரி. வீட்டிலும் கடையிலும் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். தனியார் நெட்வொர்க்குகளுக்கென்று 1996ஆம் ஆண்டு ஒதுக்கப்பட்ட மூன்று தொகுதிகளில் இது ஒன்று. உலகம் முழுக்க லட்சக்கணக்கான கடைகளில் இதே எண்கள் இருப்பதால், கடைக்கு வெளியே இதற்குப் பொருளில்லை. கடைக்குள்ளே மட்டும் 192.168.1.20 என்றால் மடிக்கணினி, 192.168.1.50 என்றால் பிரிண்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

போர்ட் என்பது ஒரு கணினிக்குள் எந்த மென்பொருளுக்கு அந்தப் பொட்டலம் சேரவேண்டும் என்று காட்டும் எண். 16 பிட் எண் என்பதால் 0 முதல் 65,535 வரை இருக்கும். பெயர்பெற்ற சேவைகளுக்கு நிலையான எண்கள் உண்டு. அச்சுப்பணிகளை இன்றைய பிரிண்டர்கள் 631இலோ 9100இலோ வாங்கிக்கொள்கின்றன. "உன்னிடம் மை எவ்வளவு இருக்கிறது, நீ என்ன மாடல்" என்று கருவியை விசாரிக்கும் எஸ்.என்.எம்.பி. நெறிமுறைக்கு 161. அக்கம்பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பெயர் சொல்லித் தேடும் எம்.டி.என்.எஸ். நெறிமுறைக்கு 5353. கேள்வி கேட்கும் பக்கத்துக்கு அப்படி நிலையான எண் கிடையாது. லினக்ஸில் வழக்கமாக 32,768க்கும் 60,999க்கும் இடையில் அந்த நேரத்துக்கு அகப்படும் ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளும். இந்தச் சிறு விவரம் பின்னால் பெரிய விஷயமாகப் போகிறது.

கெர்னலுக்குள் நடக்கும் சோதனை

லினக்ஸில் ஃபயர்வால் என்பது தனியாக ஓடும் ஒரு செயலி என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் எந்தப் பொட்டலத்தை விடுவது, எதைத் தடுப்பது என்ற சோதனை நடப்பது இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள். 1994இல் ஆலன் காக்ஸ், பி.எஸ்.டி. யுனிக்ஸிலிருந்த பொட்டல வடிகட்டியை லினக்ஸுக்குக் கொண்டுவந்தார். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ரஸ்டி ரஸ்ஸல் முன்னின்று உருவாக்கிய நெட்ஃபில்டர், 2001 ஜனவரியில் வெளியான 2.4 கெர்னலில் ஐ.பி. டேபிள்ஸ் என்ற கருவியுடன் வந்தது. 2014 ஜனவரியில் 3.13 கெர்னலுடன் என்.எஃப். டேபிள்ஸ் சேர்ந்தது. நாம் திரையில் பார்க்கும் ஃபயர்வால்டி, யு.எஃப்.டபிள்யூ. போன்றவை இந்த அடித்தளத்துக்கு விதிகளை எழுதிக்கொடுக்கும் முகப்புகள். லினக்ஸ் பதிப்புகளில் ஃபெடோராவிலும் ஓப்பன்சூசேயிலும் ஃபயர்வால்டி இருக்கும். உபுண்டுவில் யு.எஃப்.டபிள்யூ. இருக்கும், ஆனால் அதை நாமே இயக்கினால்தான் இயங்கும்.

நெட்ஃபில்டரின் பெரிய பலம் நினைவாற்றல். ஒவ்வொரு பொட்டலத்தையும் தனித்தனியாகப் பார்த்து முடிவு செய்தால் வேலைக்காகாது. நாம் ஓர் இணையதளத்தைத் திறக்கும்போது பதில் வரவேண்டும். ஆனால் கேட்காமல் வரும் பொட்டலம் உள்ளே வரக்கூடாது. இரண்டையும் பிரித்தறிய, வெளியே போகும் ஒவ்வொரு உரையாடலையும் கெர்னல் ஒரு பட்டியலில் குறித்துவைக்கிறது. இந்த முகவரி, இந்தப் போர்ட்டிலிருந்து, அந்த முகவரியின் அந்தப் போர்ட்டுக்குப் பேசத் தொடங்கியது என்று பதிவாகும். திரும்பி வரும் பொட்டலத்தில் இந்த நான்கும் அப்படியே தலைகீழாக இருந்தால், கேட்டதற்கு வந்த பதில் என்று உள்ளே விடும். இல்லையென்றால் அது புது ஆள். புது ஆளுக்கு அனுமதி விதி இருக்கிறதா என்று பார்க்கும். இல்லாவிட்டால் தடுத்துவிடும். நிலைபெற்ற டி.சி.பி. தொடர்பு சும்மா இருந்தாலும் இந்தப் பதிவு இயல்பாக ஐந்து நாள் வரை நிற்கும். பதிலுக்குக் காத்திருக்கும் யு.டி.பி. கேள்விக்கு வெறும் 30 விநாடி.

இந்த ஒரு ஏற்பாட்டால்தான், எந்தப் போர்ட்டையும் திறக்காமலே நாள் முழுக்க இணையத்தில் உலவ முடிகிறது. நாமே பேசத் தொடங்கினால் பதில் வரும், யாராவது தாமாக வந்து தட்டினால் கதவு திறக்காது.

பதில் ஏன் வாசலில் நின்றுவிடுகிறது?

அப்படியானால் பிரிண்டரைத் தேடியதும் நாம்தானே? பதில் உள்ளே வரவேண்டியதுதானே? சிக்கல் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

பிரிண்டரின் முகவரி தெரிந்திருந்தால் அதைத் தேடவேண்டிய அவசியமே இல்லை. தெரியாததால் மடிக்கணினி, நெட்வொர்க்கில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே கேள்வியை அனுப்புகிறது: "இங்கே பிரிண்டர் யாராவது இருக்கிறீர்களா?" எல்லோருக்கும் என்பதற்கும் ஒரு முகவரி உண்டு. நம் கடையில் அது 192.168.1.255. பிரிண்டர் கேள்வியை வாங்கிக்கொள்கிறது, பதிலும் எழுதுகிறது. ஆனால் பதிலைத் தன் சொந்த முகவரியான 192.168.1.50இலிருந்துதான் அனுப்பும்.

கெர்னலின் பட்டியலில் இருப்பது என்ன? 192.168.1.20இன் 45,872ஆம் போர்ட், 192.168.1.255இன் 161ஆம் போர்ட்டிடம் கேட்டது. எதிர்பார்க்கும் பதில் 255இடமிருந்து. வந்திருப்பதோ 50இடமிருந்து. நான்கு விவரங்களில் மூன்று பொருந்துகின்றன, ஒன்று பொருந்தவில்லை. ஆகவே இது கேட்காமல் வந்த புதுப் பொட்டலம் என்று முடிவாகிறது. தெரு முழுவதுக்கும் என்று விலாசமிட்டு ஒரு கடிதம் போட்டால், பதில் "தெரு முழுவதும்" என்ற பெயரில் வராது, ஏதோ ஒரு வீட்டு எண்ணிலிருந்து வரும். அந்த வீட்டுக்கு நீங்கள் எழுதியதாகப் பதிவே இல்லை என்று தபாலைத் திருப்பி அனுப்பினால் எப்படியோ, அப்படித்தான் இதுவும்.

தடுக்கப்பட்ட பொட்டலங்களைப் பதிவு செய்யும்படி ஃபயர்வாலிடம் சொல்லிவிட்டு, ஒரு முறை பிரிண்டரைத் தேடிப் பாருங்கள். பதிவேட்டில் ஒரு வரி விழும்: அனுப்பியவர் 192.168.1.50, பெறுநர் 192.168.1.20, நெறிமுறை யு.டி.பி., புறப்பட்ட போர்ட் 161, வந்த போர்ட் 45,872. நோயின் முழு விவரமும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. பிரிண்டர் உயிரோடுதான் இருக்கிறது, கேள்வி அதற்குப் போய்ச் சேர்ந்தது, பதிலும் நம் கணினி வரை வந்துவிட்டது.

இதே வரி ஏன் "ஒரு போர்ட்டைத் திறந்துவிடு" என்ற வழக்கமான வைத்தியம் இங்கே பலிக்காது என்பதையும் காட்டுகிறது. 45,872ஐத் திறந்தால் அடுத்த முறை பதில் 51,330க்கு வரும். ஒவ்வொரு தேடலுக்கும் நம் பக்கத்துப் போர்ட் மாறிக்கொண்டே இருக்கும். மாறாமல் இருப்பவை இரண்டுதான்: அனுப்பும் கருவியின் முகவரியும், அது புறப்படும் 161 என்ற போர்ட்டும். ஆகவே விதியை நம் வாசலைப் பார்த்து எழுதாமல், வருபவரைப் பார்த்து எழுதவேண்டும். நம்பகமான கருவிக்கு அனுமதி தருவது என்பதன் உட்பொருள் இதுதான்.

கெர்னலை எழுதுபவர்களுக்கும் இந்தச் சிக்கல் தெரியும். எல்லோருக்கும் அனுப்பிய கேள்விகளை நினைவில் வைத்து, உரிய பதிலை அடையாளம் காணும் துணை மாட்யூல்களை எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் பாதுகாப்புக் கருதி அவை தாமாக இயங்குவதில்லை, நாம் சேர்க்கவேண்டும்.

எம்.டி.என்.எஸ். தேடலிலும் அடிப்படை இதுவே. அங்கே கேள்வி 224.0.0.251 என்ற குழு முகவரிக்குப் போகும். பதிலும் வழக்கமாக அதே குழு முகவரிக்கு, 5353ஆம் போர்ட்டுக்கு வரும். போர்ட் மாறாது என்பதால் 5353ஐத் திறந்தால் இந்தத் தேடல் வேலை செய்யும். யு.எஃப்.டபிள்யூ. இதை ஏற்கெனவே அனுமதித்திருக்கும். ஒரு கணினியில் தெரியும் பிரிண்டர் இன்னொன்றில் தெரியாமல் போவதற்கு இப்படிப்பட்ட வேறுபாடுகளே காரணம்.

மூன்று தேவைகள், மூன்று விடைகள்

விதி எழுதுவதற்கு முன்னால், பிரிண்டரோடு நமக்கு என்ன பேச்சு என்று பிரித்துப் பார்க்கவேண்டும்.

முதலாவது, அச்சடிப்பது. இங்கே பேச்சைத் தொடங்குவது நம் கணினி. பிரிண்டரின் முகவரி தெரிந்திருந்தால், நேராக 631க்கோ 9100க்கோ பணியை அனுப்பும். பதில் அதே முகவரியிலிருந்து வரும், பட்டியலோடு நான்கும் பொருந்தும். ஆகவே அச்சடிக்க மட்டும் என்றால் ஃபயர்வாலில் ஒரு துளைகூடப் போடவேண்டாம். பிரிண்டரைத் தானாகத் தேடவிடாமல், பிரிண்டர் அமைப்புப் பக்கத்தில் அதன் ஐ.பி. முகவரியைக் கையால் எழுதினாலே போதும். ஒரே ஒரு பிரிண்டர் வைத்திருக்கும் கடைக்கு இதுவே மிகச் சரியான வழி என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாவது, தானாகக் கண்டுபிடிப்பது. ஸ்கேனரும் சேர்ந்த பிரிண்டர் என்றால், சில ஸ்கேனர் மென்பொருள்கள் தேடித்தான் தீருவேன் என்று நிற்கும். அதற்கு, மேலே பார்த்தபடி, அந்தக் கருவியின் முகவரியிலிருந்து, 161ஆம் போர்ட்டிலிருந்து புறப்பட்டு, யு.டி.பி. முறையில் வருவதை மட்டும் அனுமதிக்கும் ஒரு விதி வேண்டும்.

மூன்றாவது, கருவியே பேச்சைத் தொடங்குவது. பிரிண்டரின் மேலுள்ள ஸ்கேன் பொத்தானை அழுத்தினால் படம் கணினிக்கு வரவேண்டும் என்றால், கருவிதான் கணினியைத் தட்டும். பிரதர் நிறுவனக் கருவிகள் இதற்குக் கணினியின் 54,925ஆம் யு.டி.பி. போர்ட்டைப் பயன்படுத்துகின்றன. இங்கே நம் போர்ட் நிலையானது. ஆகவே 192.168.1.50இலிருந்து 54,925க்கு வருவதை அனுமதி என்று எழுதலாம். யாரிடமிருந்து, எதற்கு என்ற இரண்டும் விதியில் இருப்பதால் இது இன்னும் கட்டுக்கோப்பானது.

விதியை எழுதும் முறை

முகவரியை நம்பி விதி எழுதும்போது அந்த முகவரி மாறாமல் இருக்கவேண்டும். ரௌட்டர் டி.எச்.சி.பி. முறையில் முகவரிகளைத் தற்காலிகமாகத்தான் கொடுக்கிறது. கரண்ட் போய் வந்தால் பிரிண்டருக்கு வேறு எண் கிடைக்கலாம். இன்று பிரிண்டரிடம் இருக்கும் 50, நாளை கடைக்கு வந்த யாரோ ஒருவருடைய கைப்பேசிக்குப் போனால், பிரிண்டருக்கென்று எழுதிய அனுமதி அந்தக் கைப்பேசிக்குச் சேர்ந்துவிடும். ஆகவே முதல் வேலை ரௌட்டரில்தான். ஒவ்வொரு நெட்வொர்க் கருவிக்கும் 48 பிட் நீளமுள்ள மேக் முகவரி உண்டு. பிரிண்டரின் அடிப்பக்க ஸ்டிக்கரிலோ, அது அச்சிடும் நெட்வொர்க் விவரத் தாளிலோ அதைக் காணலாம். அந்த மேக் முகவரிக்கு எப்போதும் இந்த ஐ.பி. முகவரியையே கொடு என்று ரௌட்டரில் ஒதுக்கிவையுங்கள்.

அடுத்தது ஃபயர்வால். ஃபயர்வால்டி நெட்வொர்க்குகளை மண்டலங்களாகப் பிரிக்கிறது. எல்லாவற்றையும் சத்தமின்றித் தடுக்கும் மண்டலம் ஒரு முனை, எல்லாவற்றையும் ஏற்கும் 'நம்பகம்' என்ற மண்டலம் மறுமுனை. இடையில் பொது, வேலை, வீடு எனப் படிகள் உண்டு. நாம் ஒன்றும் செய்யாவிட்டால் பெரும்பாலும் பொது மண்டலம் அமையும். கடையின் வைஃபையை வீடு மண்டலத்துக்கு மாற்றினால் 5353 திறந்து, எம்.டி.என்.எஸ். வழியாகப் பிரிண்டர் தெரிந்துவிடும். ஆனால் அந்த வைஃபையில் இருக்கும் அத்தனை பேருக்கும் அதே சலுகை போய்ச்சேரும்.

பிரிண்டரின் முகவரியை மட்டும் நம்பகம் மண்டலத்தில் சேர்ப்பது அதைவிட நல்லது. ஒரே வரிக் கட்டளையில் முடிந்துவிடும், பொத்தான் ஸ்கேன் உட்பட எல்லாம் வேலை செய்யும். ஆனாலும் அந்தக் கருவியிடம் கணினியின் 65,536 போர்ட்களையும் ஒப்படைத்துவிடுகிறோம். எல்லாவற்றிலும் சிறந்தது, முகவரியையும் போர்ட்டையும் சேர்த்து எழுதும் விரிவான விதி. ஃபயர்வால்டியிலும் யு.எஃப்.டபிள்யூ.விலும் இதற்கு வசதி உண்டு. கட்டளை கொஞ்சம் நீளும், அவ்வளவுதான்.

இங்கே மூன்று விஷயங்களைக் கவனிக்கவேண்டும். ஃபயர்வால்டியில் நிரந்தரம் என்று குறிப்பிடாமல் போட்ட விதி, கணினியை அணைத்துப் போட்டதும் மறைந்துவிடும். நிரந்தரம் என்று போட்ட விதியோ, விதிகளை மறுபடி ஏற்றும்வரை நடைமுறைக்கு வராது. யு.எஃப்.டபிள்யூ. விதிகளை மேலிருந்து கீழாகப் படித்து முதலில் பொருந்துவதை ஏற்கும். எனவே தடை விதி மேலே இருந்தால் கீழேயுள்ள அனுமதி பயன்படாது. மூன்றாவது, பல பிரிண்டர்கள் ஐ.பி.வி.6 என்ற இன்னொரு வகை முகவரி வழியாகவும் பேசும். இந்த இரு முகப்புகளும் இரண்டு வகை முகவரிகளையும் கவனித்துக்கொள்ளும். ஐ.பி. டேபிள்ஸ் விதிகளைக் கையால் எழுதுபவர்கள் ஐ.பி.வி.6க்குத் தனியாக எழுதவேண்டும்.

விதி போட்ட பிறகு இரண்டு சோதனைகள் செய்யுங்கள். பிரிண்டர் கிடைக்கிறதா என்பது ஒன்று. இதை எல்லோரும் செய்வார்கள். வேறொரு கருவியிலிருந்து அதே வழியாக உள்ளே வர முடியாமலிருக்கிறதா என்பது மற்றது. இரண்டாவதைச் செய்தால்தான் விதி சரியென்று சொல்ல முடியும்.

நம்பிய கருவி கெட்டுப்போனால்

ஒரு பிரிண்டரைப் போய் ஏன் இவ்வளவு சந்தேகப்படவேண்டும் என்று தோன்றலாம். 2024 செப்டம்பர் 26 அன்று இத்தாலிய ஆய்வாளர் சிமோனே மார்கரிடெல்லி, லினக்ஸின் அச்சு அமைப்பான கப்ஸில் சில ஓட்டைகளை வெளியிட்டார். நெட்வொர்க்கில் பிரிண்டர்களைத் தேடித்தரும் அதன் துணைச் செயலி, யு.டி.பி. 631ஆம் போர்ட்டில் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது. "நான் ஒரு பிரிண்டர், என் விவரம் இந்த இடத்தில் இருக்கிறது" என்று யார் சொன்னாலும், அது யாரென்று கேட்காமல் நம்பியது. தாக்குபவர் காட்டிய இடத்துக்குப் போய், அவர் கொடுத்த விவரத்தை அப்படியே ஏற்றுக்கொண்டது. அந்தப் போலிப் பிரிண்டருக்கு ஒருவர் அச்சுப்பணி அனுப்பினால், தாக்குபவர் ஒளித்துவைத்த கட்டளை கணினியில் ஓடும். திருத்தங்கள் விரைவில் வந்தன. ஆனால் திருத்தம் வருவதற்கு முந்தைய நாள்களிலும், ஃபயர்வால் இயங்கிக்கொண்டிருந்த, 631ஐத் திறந்து வைக்காத கணினிகளை வெளியிலிருந்து வந்த அந்தப் பொட்டலம் தொடவில்லை. பிரிண்டருக்காக ஃபயர்வாலை ஆஃப் செய்தவர்களுக்கு அந்தக் காப்பு இல்லை.

உண்மையான கருவியே எதிரியின் கைக்குப் போவதும் நடந்திருக்கிறது. 2016இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் போட்டுக் கொடுத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் அவற்றின் பதிவுப் பெட்டிகளையும் லட்சக்கணக்கில் பிடித்துக்கொண்டது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று அந்தப் படையை ஏவி, இணையதளப் பெயர்களுக்கு முகவரி காட்டும் டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கியபோது, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் அமெரிக்காவின் பல பகுதிகளில் மணிக்கணக்கில் முடங்கின. இன்று பிரம்மதேசம் போன்ற ஊர்களிலும் கடைக்குக் கடை சி.சி.டி.வி. கேமரா வந்துவிட்டது. பெரும்பாலும் அது பிரிண்டர் இருக்கும் அதே வைஃபையில்தான் இருக்கிறது.

2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய வானாகிரை என்ற தீநிரல், ஒரு விண்டோஸ் கணினியில் நுழைந்ததும் அதே நெட்வொர்க்கில் 445ஆம் போர்ட் திறந்திருந்த மற்ற விண்டோஸ் கணினிகளைத் தேடித் தேடித் தாவியது. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் பாதிக்கப்பட்டன. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. உள்ளூர் நெட்வொர்க் என்றாலே பத்திரம் என்ற நினைப்பு எவ்வளவு தவறானது என்பதை அந்த ஒரு வாரம் உலகுக்கே காட்டியது. 2010இல் ஜான் கிண்டர்வாக் முன்வைத்த 'பூஜ்ய நம்பிக்கை' என்ற கோட்பாடும் இதையே சொல்கிறது: உள்ளே இருக்கிறது என்பதற்காக எதையும் நம்பாதே, ஒவ்வொரு தொடர்புக்கும் தனித்தனியாக அனுமதி கொடு.

ஐ.பி. முகவரியையும் மேக் முகவரியையும் போலியாக இட முடியும் என்பதையும் மறக்கக்கூடாது. முகவரி விதி, யாரையும் சோதித்து அடையாளம் காண்பதில்லை. தாக்குதலுக்கான இடத்தைச் சுருக்குகிறது, அவ்வளவே. அதனால்தான் விதியில் போர்ட்டையும் சேர்த்து எழுதவேண்டும் என்று இவ்வளவு வற்புறுத்தவேண்டியிருக்கிறது. ஒருவர் பிரிண்டராக வேடமிட்டு வந்தாலும் அவருக்குக் கிடைப்பது அந்த ஒரு வழிதான், கோப்புகள் இருக்கும் அறையின் சாவி அவர் கைக்குப் போகாது.

கடைக்காரர்களுக்குச் சில வேண்டுகோள்கள்

இன்று மாலை கடையை மூடுவதற்கு முன் செய்யக்கூடியவை இவை. ஃபயர்வால் இயங்குகிறதா என்று பாருங்கள். எப்போதோ ஆஃப் செய்திருந்தால் ஆன் செய்யுங்கள். பிரிண்டருக்கு ரௌட்டரில் நிலையான முகவரி ஒதுக்குங்கள். அந்த முகவரியைக் கையால் எழுதிப் பிரிண்டரைச் சேருங்கள். ஸ்கேனருக்குத் தேவை இருந்தால் மட்டும், அதற்கென்று ஒரு குறுகிய விதி எழுதுங்கள். எந்த விதி எதற்காக, என்றைக்குப் போட்டது என்று ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். பிரிண்டரை மாற்றினால் பழைய விதியை நீக்குங்கள். பிரிண்டருக்கும் கேமராவுக்கும் ரௌட்டருக்கும் வாங்கும்போது இருந்த கடவுச்சொல்லை மாற்றுங்கள். வாடிக்கையாளர் வைஃபை கேட்டால் கடையின் வைஃபையைக் கொடுக்காதீர்கள். ரௌட்டரில் விருந்தினர் வைஃபை இருந்தால் அதைக் கொடுங்கள், இல்லையென்றால் கொடுக்கவேண்டாம். மென்பொருள் புதுப்பிப்புகளை நாளைக்கு என்று தள்ளாதீர்கள். இணையவழிப் பணமோசடி நடந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

சர்வீஸ் செய்பவர்களுக்கும், லினக்ஸ் கற்றுத்தரும் ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. ஃபயர்வாலை ஆஃப் செய்வது தவறு எங்கே என்று கண்டறிவதற்கான ஒரு நிமிடச் சோதனையாக மட்டும் இருக்கட்டும். அதையே வைத்தியமாகச் சொல்லிக்கொடுக்காதீர்கள். அடுத்த முறை "பிரிண்டர் காட்ட மாட்டேங்குதுண்ணா" என்று ஒரு தம்பி போன் செய்தால், அவனிடம் பிரிண்டரின் ஐ.பி. முகவரி என்ன என்று கேளுங்கள். அதை எங்கே எழுதுவது என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுங்கள். அந்தக் கணினியில் தங்கள் ஆதாரையும் பத்திரத்தையும் நம்பிக் கொடுத்தவர்களுக்கு நாம் செய்யவேண்டிய குறைந்தபட்சக் கடமை அது.